ஆணைக்கு முந்தியவள்

மூன்றாம் வல்லார் அலைக்கதவின் மேல் வந்து நிற்கிறார் என்ற செய்தி புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் மணற்காயல் நகரம் முழுவதும் பரவிவிட்டது. எட்டரைக்கு மின்துறை சங்குக்குடிக்குப் போகும் கம்பியைத் துண்டித்தது. ஒன்பதுக்கு மருத்துவமனையில் நாற்பது கட்டில்களைக் காலி செய்து புது விரிப்புப் போட்டார்கள். ஒன்பதரைக்குக் காவல்துறை சங்குக்குடியின் ஒரே சாலையில் தடுப்பு வைத்தது. கடல்மதிலுக்கு அப்பால் கட்டியிருந்த அந்த ஊர்ப் படகுகளைக் கரைக்காவலர் சங்கிலியால் பிணைத்துப் பூட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வருகை எடுத்த ஆசிரியை சங்குக்குடிப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்றுகூட எழுதவில்லை. அந்தப் பெயர்களை விட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.

ஆணை என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை.

ஆணை சொல்ல வேண்டியவர் ஆணைமனையில் தம் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் உக்கிரபாண்டியன். வயது அறுபத்தொன்று. அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததை அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. மாநிலத்தின் தென்கரை முழுவதற்கும் அவர் சொல்லே கடைசிச் சொல். திரையில், கடல்மதிலின் நடுவே, இருபது ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்புச் சக்கரத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி நின்ற மூன்றாம் வல்லார் அவருடைய மகள் வடிவு.

அந்தச் சக்கரத்தைச் சுற்றினால் அலைக்கதவு திறக்கும். மதிலுக்கு வெளியே கடல், சங்குக்குடியின் கூரைகளைவிட உயரத்தில் நின்றது. கடலேற்றம் வெள்ளிக்கிழமை நண்பகலில் உச்சத்துக்கு வரும் என்று கணித்திருந்தார்கள். அந்த நேரத்தில் கதவு திறந்தால் எண்ணூற்று நாற்பது பேர் இருக்கும் ஊரில் கால் மணி நேரத்துக்குப் பிறகு யாரும் இருக்கமாட்டார்கள்.

“யார் சொல்லி நிக்கா?” என்று உக்கிரபாண்டியன் கேட்டார்.

கருவிப் பொறியாளர் ஜெசிந்தா தாமதமானியைப் பார்த்தாள். “இன்னும் யாரும் சொல்லல, ஐயா. அவங்க வந்து நின்னு மூணு மணி நேரம் ஆச்சு.”

வல்லார் பிறவியில் வல்லவர்கள் அல்லர். பதினெட்டு வயதில் அவர்களுடைய தோலுக்கு அடியில் தசைப்பின்னல் பதிக்கப்படும். அதன்பின் ஒருவர் கப்பலை இழுப்பார். ஒருவர் கூரைக்குக் கூரை தாவுவார். அவ்வளவு வலிமையை ஒரு மனிதக் கையில் கொடுக்கும் அரசு, அந்தக் கை யாருக்குக் கட்டுப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வல்லாருக்கும் ஓர் ஆணையுரைப்பாளர் உண்டு. அவர் கழுத்தில் அணிந்த குரல்பட்டையிலிருந்து ஆணை கிளம்பி, வல்லாரின் காதுக்குப் பின்னால் பதித்த செவிமணிக்குப் போகும். ஆணை வாயைவிட்டு வந்த கணத்துக்கும் வல்லாரின் தசை அசைந்த கணத்துக்கும் நடுவே எத்தனை மில்லி விநாடி கழிந்தது என்பதைத் தாமதமானி எழுதும். அந்த இடைவெளிக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது: ஐயம். ஆண்டுதோறும் நடக்கும் பணிவுத் தேர்வில் ஐயம் இருநூறைத் தாண்டினாலோ, நீட்டிய கையில் விரல் நடுங்கினாலோ தேர்ச்சியில்லை. ஆணையின்றி அசைந்தவருக்குத் தேர்வே கிடையாது. இரு சாராருக்கும் முடிவு ஒன்றுதான். தசைப்பின்னலை உருவி எடுத்துவிடுவார்கள். எடுத்தபின் அந்தக் கை ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்காது.

உக்கிரபாண்டியன் வீட்டாரை இந்தத் தேர்வு ஒருநாளும் அச்சுறுத்தியதில்லை. அவர் தந்தை மணற்காயலின் முதல் ஆணையுரைப்பாளர். ஆணை சொல்லுமுன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வது அவருடைய பழக்கம். இன்று எல்லா ஆணையுரைப்பாளர்களும் அப்படித்தான் செருமுகிறார்கள். வீட்டு வாசலில் பித்தளைப் பலகையில் நாட்டுக்கு உழைத்த அந்தக் குடும்பத்தாரின் பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் வடிவு. அந்த வீட்டில் யாரையும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. கூப்பிட்ட குரல் காற்றில் இருக்கும்போதே வந்து நிற்க வேண்டும். வடிவுக்கு ஆறு வயதாக இருந்தபோது மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் விளையாடிக்கொண்டிருந்தாள். கீழே இருந்து தந்தை கூப்பிட்டார். ஏணியில் இறங்கினால் நேரமாகும் என்று அவள் குதித்துவிட்டாள். இடது கணுக்கால் இன்றும் சற்றுக் கோணல். விருந்தினர் வரும்போதெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொல்வார்.

தொட்டில் பருவத்திலிருந்து கேட்ட குரலுக்கே ஐயம் குறைவு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தபின், பிள்ளைகள் வல்லாரான வீடுகளில் தந்தையரையே ஆணையுரைப்பாளராக அமர்த்தினார்கள். வடிவு இருபத்திரண்டு வயதில் சுழியம் எடுத்தாள். நாடே வாழ்த்தியது. மறு ஆண்டு தாமதமானி ‘கழித்தல் மூன்று’ என்று எழுதியது. ஆணை வாயைவிட்டு வருவதற்கு மூன்று மில்லி விநாடி முன்பே அவள் அசைந்திருந்தாள். கருவி பழுது என்று ஜெசிந்தா புதியது பொருத்தினாள். அடுத்த ஆண்டு கழித்தல் முந்நூறு.

பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் உணவு இடைவேளையில் வடிவு தட்டை வைத்துவிட்டு ஓடினாள். துறைமுகத்தில் சாயத் தொடங்கியிருந்த பாரந்தூக்கியைத் தோளில் தாங்கிக்கொண்டாள். ஜன்னல் வழியாக அந்தச் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டியன் அதுவரை வாய் திறக்கவில்லை. நாற்பது விநாடி கழித்து, தொண்டையைச் செருமி, “மூன்று, தாங்கு” என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் அவள் ஆணையின்றி அசைந்தவள் ஆகியிருப்பாள். பதிவேட்டில் ‘ஆணைப்படி’ என்று எழுதப்பட்டது.

இன்னொரு முறை, தலைநகரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் உக்கிரபாண்டியனை ஒரு மணி நேரம் வெளியே காக்க வைத்தார். ஆய்வாளர் திரும்பிப் போகக் கிளம்பியபோது அவருடைய கார் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்தது. உக்கிரபாண்டியன் முகம் மாறாமல், பயிற்சிக்காகத் தாமே சொன்னதாக ஆணையை உரைத்தார். காரணம் பிறகு கிடைத்தது. பிரேக்கில் கசிவு இருந்தது என்று பொறியாளர்கள் எழுதிக்கொடுத்தார்கள்.

அதன்பின் வல்லார் எங்கே போய் நிற்கிறார் என்பதைப் பார்த்தே துறைகள் வேலையைத் தொடங்கின. ஆணை வருமா என்று யாரும் கேட்பதில்லை. வராமல் இருந்ததே இல்லை.

*

பகல் பதினொரு மணிக்குச் சங்குக்குடி ஊர்த்தலைவர் சவேரியான் ஆணைமனைக்கு வந்தார். விடியலில் மீன் கொண்டு சந்தைக்கு வந்தவர். தடுப்பு வைத்துவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. மனைவியும் மூன்று மக்களும் உள்ளே இருந்தார்கள். இந்தப் போர்க்காலத்தில் படகுகளை அரசிடம் ஒப்படைத்துப் பற்றுறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொன்னபோது மறுத்த ஊர் அது. ‘படகு எங்கள் கால். காலைக் கழற்றிக் கொடுத்து நாட்டுப்பற்றைக் காட்ட எங்களால் இயலாது’ என்று சென்ற வாரம் கடிதம் எழுதியவரும் இவரே. நின்றபடியே பேசினார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஐயா இன்னும் ஒண்ணும் சொல்லலியாமே?”

“இல்லை.”

“சொல்லாததுக்கே எங்க வீட்டுல லைட்டு போச்சு, படகு போச்சு. சொன்னியள்னா என்னத்துக்கு ஆவோம்?”

தடுப்பு வைக்கவும் படகைப் பூட்டவும் தாம் சொல்லவில்லை என்று உக்கிரபாண்டியன் உண்மையைச் சொன்னார். அப்படியானால் எடுக்கச் சொல்லுங்கள் என்றார் சவேரியான். அது முடியாது. தடுப்பை எடுத்தால் வல்லார் நிற்பது தவறு என்று ஆகும். வல்லார் நிற்பது தவறென்றால் அவள் யார் சொல்லி நின்றாள் என்ற கேள்வி வரும். இதை அவர் சவேரியானிடம் விளக்கவில்லை. வேறு ஏதாவது வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

“அவங்கள வெளிய விட மாட்டிய. அப்பம் என்னைய உள்ள விடுங்க.”

உக்கிரபாண்டியன் சீட்டு எழுதிக் கொடுத்தார். சவேரியான் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். “உள்ள போறதுக்கு மட்டும் உடனே எழுதிருதியளே” என்றபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் உக்கிரபாண்டியன் தாமாக இட்ட ஆணை அது ஒன்றுதான்.

அவர் மனம் குழம்பியிருந்தது என்று சொல்ல முடியாது. இதுவரை தாம் காரணமின்றி எந்த ஆணையும் சொன்னதில்லை என்று அவர் நம்பினார். ஆகவே வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஒரு காரணம் வந்து சேரும். அந்த ஊரில் பகைவர் ஒளிந்திருக்கலாம். துறைமுகத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல் போகலாம். தமக்கு இன்னும் தெரியாதது தம் மகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதில் அவருக்குச் சிறிது பெருமைகூட இருந்தது.

வியாழக்கிழமையும் அவள் அசையவில்லை. வெயிலில் அவள் நிழல் மதிலின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று. ஒரு கடற்காகம் தோளில் வந்து உட்கார்ந்து, இறகைக் கோதி, பறந்தது. சங்குக்குடியில் ஆட்கள் கூரைகளின் மேல் ஏறி அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. அந்த அமைதியைத் திரையில் பார்க்க முடியாமல் எழுத்தர்கள் இருவர் ஒலிக்குமிழைத் திருகிப் பார்த்தார்கள். ஒலி சரியாகத்தான் இருந்தது.

ஜெசிந்தா அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“ஐயா, ஒரு தடவையாவது சொல்லாம இருந்து பாத்திருக்கீங்களா?”

அவளே தொடர்ந்து சொன்னாள். வல்லார் அசைந்தபின் ஆணை வந்துகொண்டே இருந்ததால்தான் ஆணைக்கு முந்துகிறார்கள் என்று கருவி எழுதுகிறது. வராமல் இருந்தால் என்ன எழுதும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சோதனையை எவரும் செய்ததில்லை. இன்னொன்றும் இருந்தது. மனத்துக்குள் பேசும்போதும் மனிதனின் தொண்டைத் தசை கொஞ்சம் அசையும்; அதையும் பட்டை பிடித்து அனுப்பக்கூடும். மற்ற ஆணையுரைப்பாளர்கள் வேலை முடிந்ததும் பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். அவர்களுடைய வல்லார் முந்துவது சில விநாடிதான். கழற்றாதவர்கள் இந்த மனையில் இரண்டே பேர்.

“நீங்களும் தளவாய் சாரும்” என்றாள். “ஒரு நாள் கழட்டி வையுங்களேன். என்ன ஆகுதுன்னு பாப்போம்.”

தளவாய் அவருடைய தங்கை மகன், துணை ஆணையுரைப்பாளர். சிறு வயதிலேயே தாயை இழந்து அதே வீட்டில், அதே வழக்கத்தில் வளர்ந்தவன். முப்பது வயதில் அவன் கழுத்தில் பட்டையைக் கட்டியவர் உக்கிரபாண்டியன். கட்டும்போது, உறங்கும்போதும் கழற்றக் கூடாது, நாடு எந்நேரம் கூப்பிடும் என்று தெரியாது என்று சொல்லியிருந்தார். அவருக்குக் கட்டியபோது அவர் தந்தை சொன்னதும் அதுவே.

“எங்க அப்பா கட்டினது. கட்டின நாள்ல இருந்து கழட்டினதில்ல.”

“அப்ப நாளைக்கு அவங்க சக்கரத்தச் சுத்தினா?”

“நான் நில்லுன்னு சொல்லப் போறவனா இருந்தா, இந்நேரம் அவ கைய எடுத்திருப்பா. எடுக்கல. அப்பம் சொல்ல மாட்டேன்னுதான அர்த்தம்?”

“உங்க மகளப் பாத்துதான் நீங்க என்ன செய்வீங்கன்னு தெரிஞ்சுக்கிடணுமா, ஐயா?”

அவர் மெதுவாகச் சொன்னார். “நான் சொல்லலைன்னா அவ பேரு என்னாகும்?”

மாலையில் வீட்டுக்குப் போனார். மனைவி உலகம்மை சோறு போட்டாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன, அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் கடமையைப் பற்றிப் பெண்கள் பேசுவதில்லை. அவர் கை கழுவ எழுந்தபோது, குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே அவள் சொன்னாள்.

“அன்னைக்கு ரெண்டாவது வாட்டி கூப்பிட்டிருந்தா, பிள்ள ஏணியில எறங்கி வந்திருப்பா.”

இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் அதைச் சொன்னாள். அவர் கேட்காதது போலக் கை கழுவப் போனார்.

*

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அவர் கடல்மதிலின் மேல் ஏறினார். சீருடை அணிந்திருந்தார். ஜெசிந்தா கைத் தாமதமானியுடன் பின்னால் வந்தாள். காரணம் வரவில்லை. பகைவர் யாரும் பிடிபடவில்லை. துறைமுகத்துக்கு ஆபத்தில்லை என்று காலையிலேயே அறிக்கை வந்துவிட்டது. மதிலின் ஒரு பக்கம் கடல் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் தளும்பியது. மறுபக்கம், ஆழத்தில், கூரைகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. சவேரியான் ஒரு கூரையில் மூன்று பிள்ளைகளோடு இருந்தார். அவரும் மற்றவர்களைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவு திரும்பவில்லை. அவள் உதடுகள் வெயிலில் வெடித்திருந்தன. இரண்டரை நாள் நின்ற கால்களில் கோணல் கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது.

பன்னிரண்டு அடித்தது. அவள் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள்.

இரும்பு முனகியது. கதவின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றி, கோடு தகடாகி, தகடு அருவியாயிற்று. கீழே முதல் தெருவில் தண்ணீர் பாய்ந்தது. அப்போதும் கூரைகளிலிருந்து சத்தம் வரவில்லை.

உக்கிரபாண்டியன் தொண்டையைச் செருமினார். “மூன்று. நில்.”

சக்கரம் நிற்கவில்லை.

அவர் வாழ்க்கையில் ஒரு சொல் இப்படித் தரையில் விழுந்ததில்லை. மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜெசிந்தா கருவியைக் காதருகே வைத்துக் கேட்டாள்.

“ஐயா, உங்க பட்டையில இருந்து நில்லுன்னு ஒரு தடவதான் போச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற என்னமோ போகுது. ஓயாம போய்க்கிட்டே இருக்கு.”

அது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. வாய் நில் என்று சொல்லியபோதும் உள்ளே ஒரு குரல் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தது: என் வீட்டுப் பிள்ளை தொட்ட வேலையைப் பாதியில் விடாது. என் வீட்டுப் பிள்ளை பாதியில் விடாது.

அவர் இரண்டு கைகளையும் கழுத்துக்குக் கொண்டுபோனார். முப்பத்தோரு ஆண்டுகளாகக் கழற்றாத பட்டை, கொக்கி துருவேறியிருந்தது. பிய்த்தார். தோல் கிழிந்தது. பட்டையைக் கடலில் எறிந்தார். எறிந்தபின் தொண்டையைச் செருமவில்லை.

“வடிவு.”

அலைச் சத்தத்தில் அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

“வடிவு, போதும்மா. எறங்கி வா.”

அந்த இரண்டாம் அழைப்புக்குச் சக்கரம் நின்றது. அவள் விரல்கள் இரும்பின் மேல் நடுங்கின. முதலில் ஒரு கை, பிறகு மறுகை. பிறகு, மூடு என்று யாரும் சொல்லாமல், சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினாள். அருவி தகடாகி, கோடாகி, மறைந்தது. கீழே முதல் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் அங்குமிங்கும் அலைந்து அடங்கியது. ஒரு கூரையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. ஊரில் அந்த மூன்று நாளில் கேட்ட முதல் சத்தம் அது.

பட்டை கழன்றபின் தாமதமானியில் எந்த ஆணையும் பதிவாகவில்லை. சட்டத்தின் கண்ணில் மூன்றாம் வல்லார் ஆணைக்கு நிற்காதவள், ஆணையின்றி மூடியவள்.

வடிவு திரும்பித் தந்தையின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். அங்கே இரத்தம் கசிந்தது.

“ரெண்டு வாட்டி கூப்பிட்டீங்க” என்றாள்.

அவர் தலையசைத்தார்.

“அப்பா, போன வாரம் செவ்வாய்க்கெழம, இவங்க கடிதாசி வந்துச்சே. அதப் படிச்சப்பம் என்ன நெனச்சீங்க?”

அவருக்கு நினைவு வந்தது. படகு எங்கள் கால் என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. கடலைத் திறந்துவிட்டால் தெரியும் இவர்களுக்கு என்று நினைத்தார். எவரிடமும் சொல்லவில்லை. ஒரு கணம்தான். அடுத்த கணம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார்.

அவள் மறுபடி கேட்கவில்லை.

*

அன்று மாலையே தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. உக்கிரபாண்டியன் பணிநீக்கம். வடிவு திங்கட்கிழமை விசாரணை வரை வீட்டுக்காவல். ஆணையுரைப்பாளர் பலரின் கையில் வல்லாரை விட்டுவைத்ததே பிழை என்று முடிவு செய்து, மீதிப் பதினொரு வல்லாரையும் ஒரே குரலுக்கு மாற்றினார்கள். உறங்கும்போதும் பட்டையைக் கழற்றாதவன் என்று புகழ்பெற்ற தளவாயின் குரல் அது. இரவே உக்கிரபாண்டியன் வீட்டு வாசலில் இருந்த பித்தளைப் பலகையை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கும் ஆணை எதுவும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உலகம்மை கொடியில் துணி காயப்போட வெளியே போனவள், ஈரத் துணியுடன் திரும்பி வந்தாள். வெளியே ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள்.

பதினொரு பேரும் வீட்டைச் சுற்றி நின்றார்கள். முகம் வீட்டை நோக்கி இருந்தது. கை நீட்டினால் சுவரைத் தொடும் தூரம். பளீரென்ற வெயில். தெருவில் வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டார் காலையிலேயே பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சற்று நேரத்தில் மின்விசிறி நின்றது. பிறகு குழாயில் தண்ணீர் நின்றது. தொலைவில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து, தெருமுனையில் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தது.

வடிவு ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். எல்லாரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். “ஏழாம் ஆளு செல்வி, அப்பா. என்கூடப் பயிற்சி எடுத்தவ” என்றாள். வெளியே போகவில்லை. அவள் கைகளில் தசைப்பின்னல் இன்னும் இருந்தது. ஆனால் பதினொரு பேர்.

உக்கிரபாண்டியன் தொலைபேசியை எடுத்தார். மூன்றாம் மணியோசைக்குள் தளவாய் எடுத்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

“சொல்லுங்க மாமா.”

“எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காங்கலே.”

“திரையில பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“நீ சொன்னியா?”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லல மாமா. சத்தியமா சொல்லல.”

அவன் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவன் பொய் சொல்லமாட்டான்.

“நேத்து மதிலு மேல நான் பட்டையக் கழட்டி எறிஞ்சனே. அதப் பாத்தப்பம் நீ என்னலே நெனச்ச?”

மறுமுனையில் மௌனம். அந்த மௌனத்தின் நீளத்தை அளக்க அவருக்குக் கருவி தேவைப்படவில்லை.

“தளவாய். கழுத்துல கெடக்கதக் கழட்டிப் போட்டுரு.”

“நீங்க கட்டினது மாமா” என்றான் அவன். குரலில் பகை இல்லை; சற்று வருத்தம்கூட இருந்தது. “அவங்க வந்து நின்னுட்டாங்களே. ஊரே பாத்துட்டு. இப்பம் நான் சொல்லலைன்னா, பதினோரு பேரு. அவங்க பேரு என்னாகும்?”

அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் உக்கிரபாண்டியனே அதை முன்பு கண்டுபிடித்திருக்க வேண்டும். “தளவாய்” என்று மறுபடி கூப்பிட்டார். “தளவாய், நான் சொல்லுததக் கேளு” என்று மூன்றாம் முறையும் கூப்பிட்டார். இரண்டாம் முறைக்குக் காத்திருக்க அவனை யாரும் பழக்கியதில்லை.

தொலைபேசியில் தளவாய் தொண்டையைச் செருமினான்.

அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க உக்கிரபாண்டியன் காத்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். பதினொரு பேரும் கைகளை உயர்த்திச் சுவரின் மேல் வைத்திருந்தார்கள். வெயிலில் கைகள் வரிசையாக, அளந்து வைத்தது போல, அசையாமல் இருந்தன. கிழக்கு மூலையில் செல்வியின் சுண்டுவிரல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நடுக்கத்துக்கு அவர் முப்பத்தோரு ஆண்டுகள் ‘தேர்ச்சியில்லை’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். இப்போது அடுத்த கையைப் பார்த்தார். அதற்கடுத்த கையைப் பார்த்தார். இன்னும் ஒரு விரலாவது நடுங்குகிறதா என்று ஒவ்வொரு கையாகத் தேடத் தொடங்கினார்.